டிவியில் தெரிந்த என் தூக்கம்

அன்புள்ள கோபக்காரிக்கு,

நீ அம்மா வீட்டுக்குப் போன காரணத்தை இப்போது விடு. இங்கே பெரிய செய்தி, நம் சர்ச் ஆராதனையை டிவியில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்டர் முகத்தில் பவுடர். வழக்கமாகக் கடைசி பெஞ்சில் ஒளிகிறவர்களெல்லாம் முன் பெஞ்சுக்கு முட்டி மோதுகிறார்கள்.

எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. நீ பார்ப்பாயே என்றுதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கேமராவுக்கு நேராக இடம் பிடித்தேன். பிரசங்கம் தொடங்கியதுதான் தெரியும். விலாவில் இடித்து எழுப்ப உன் முழங்கை பக்கத்தில் இல்லையே! வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறேன். கேமராக்காரர் புதியவர், உருக்கமான ஜெபம் என்று நினைத்து, என் முகத்தையே நெடுநேரம் காட்டினாராம்.

சபையே சிரிக்கிறது. ஆனால் மத்தியானம் உன் அம்மா ரகசியமாக போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. இவ டிவியைத் தட்டித் தட்டி, 'எந்திரிங்க, மானம் போகுது, எந்திரிங்க'ன்னு ஒரே கத்தல்!"

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த டிவி பாவம், அதை விட்டுவிடு. பக்கத்து இடத்தில் உன் பைபிளை வைத்திருக்கிறேன், யாரையும் உட்கார விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து, நேரிலேயே இடி.

இப்படிக்கு,
விலாவைத் தயாராக வைத்திருக்கும்
உன் தூங்குமூஞ்சி