பச்சைக் காருக்குப் பேசிய விலை

மார்ச் 3, செவ்வாய்
கார் வாங்கப் போகிறேன். காலை ஷிப்டுக்கு இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறுவது இனி என்னால் ஆகாது. இணைய விளம்பரத்தில் பார்த்த பச்சைக் கார் மனதில் உட்கார்ந்துவிட்டது. பழைய வண்டிதான், மூன்றே கால் லட்சம் சொல்கிறார்கள். விற்கிற கடையோ ஒரு பகல் முழுக்க ஓட்டவேண்டிய தூரத்தில். அண்ணன், போன் போட்டு எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேள் என்றான். கேட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதி விலைக்கு பாதி வண்டிதாங்க வரும். முன்பாதி வேணுமா, பின்பாதியா?" என்றார்.

சிரித்துவிட்டேன். பேரம் பேசும்போது சிரிக்கக் கூடாதாம். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

மார்ச் 5
வண்டியின் குறைகளை அவரே சொல்கிறார். இடது பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிடுமாம், கையால் தூக்கிவிட வேண்டுமாம். விற்கிறவன் இப்படியா பேசுவான்? சின்னக் குறையைச் சொல்லிப் பெரிய குறையை மறைப்பார்கள் என்கிறான் அண்ணன். அதுவும் சரியாகத்தான் படுகிறது. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், உள்ளே பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

மார்ச் 6
வண்டியின் அடிவயிற்றை எல்லாம் படம் பிடித்து அனுப்பிவிட்டார். துரு இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் அவர் கால். காலுறையில் ஓட்டை.
அந்த ஓரத்தை எதற்குப் பெரிதாக்கிப் பார்த்தேன்?

மார்ச் 9, திங்கள்
அவர் மூன்றுக்கு இறங்கினார். நான் இரண்டரைக்கு ஏறினேன். பிறகு பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. முன்பு கப்பலில் இயந்திர அறையில் வேலையாம். அதனால்தான் இன்னும் காதில் இரைச்சல் இருப்பதுபோல நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். எனக்குள் அவர் பெயரே 'நிதானம்' என்று ஆகிவிட்டது. சாயங்கால நேரத்தில் பேசினால் வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று கேட்டுவைத்தேன். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது என்றார். அனுதாபம் தேடுகிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் சொன்னேன். முதலில் அப்பாவின் நோய், அப்புறம் அம்மாவின் நோய், அப்புறம் என் வயது. நாற்பத்து மூன்று. கல்யாணப் பேச்சை எடுப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நானும்தான்.

மார்ச் 11
இன்று விலையைப் பற்றிப் பேசவே இல்லை!

மார்ச் 14, சனி
அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள், இன்னுமா விலை படியவில்லை என்று. பத்தாயிரம் இடிக்கிறது என்றேன்.

"பத்தாயிரம் இடிக்குதா, இல்ல வேற ஏதாவது துடிக்குதா?"

பாத்திரம் தேய்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேய்த்தது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

மார்ச் 16
இரண்டே முக்கால். படிந்துவிட்டது. அட்வான்ஸ் ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டேன். சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இனி எதைச் சொல்லிக்கொண்டு போன் செய்வது?

மார்ச் 17
அவர் போன் அணைந்து கிடக்கிறது.

மார்ச் 18, புதன்
இன்றும்.
பணம் கைக்கு வந்ததும் கம்பி நீட்டிவிட்டான் என்றான் அண்ணன். என்னைத் திட்டாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். திட்டியிருந்தாலாவது தேவலை.

வேலையில் ஒரு பெரியவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனேன். மனிதர் முகம் சிவந்து, விடலாமா என்று கையால் கேட்கிறார். நல்லவேளை.

பணம் போனா போகட்டும். நாலு மாசம் கூடுதல் ஷிப்ட் பாத்தா தேறிடும். ஆனா அந்தக் காலுறை ஓட்டை கூடவா பொய்? இத்தனை வயசுக்கு மேல எனக்கு ஏன் இப்படி — போதும். தூங்கு.

மார்ச் 19
பொய் இல்லை! டயரில் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் போன் விழுந்துவிட்டதாம். இன்றுதான் சரியாகியிருக்கிறது. இரண்டு நாள் கவலைப்பட வைத்ததற்காகப் பத்தாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஐயாயிரமாவது என்றார். பேசின விலை பேசினதுதான் என்றேன். அவர் இறக்க, நான் ஏற்ற, அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டு, தன் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று அண்ணியைப் பார்க்கிறான்.

கடைசியில், "சரி, குறைக்கல. ஆனா வண்டிய நானே ஓட்டிட்டு வந்து தர்றேன். அதுக்கு நீங்க காசு தரக் கூடாது" என்றார்.

இதற்கு மட்டும் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு
வந்துவிட்டார். முன்வழுக்கை, என்னைவிட அரை விரல் குட்டை. குரலை வைத்து நான் உயரமாக இருப்பேன் என்று நினைத்தாராம். நானும் அவரை அப்படித்தான் நினைத்தேன் என்றேன். அண்ணன் போலீஸ்காரன் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். சந்தேகமாக ஏதோ கேட்டான், அவர் முன்மூடியைத் திறந்து காட்டினார். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் இரண்டு பேரும் முழங்கைவரை கிரீஸோடு, இஞ்சினுக்குள் தலையை விட்டபடி. சாப்பாட்டில் அவருக்கு இரண்டாம் முறை பரிமாறியது அண்ணன்தான்!

மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். என் கார்! பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவர் இறங்கவில்லை.

"வண்டி வித்தாச்சுங்க. இனிமே உங்களுக்கு போன் பண்ண எனக்கு ஒரு காரணமும் இல்ல."

"காரணம் இல்லாமலே பண்ணுங்க" என்றேன். நானா சொன்னேன்? நான்தான்.

பஸ் போய்விட்டது. அடுத்ததில் போனார்.

ஜூன் 7, ஞாயிறு
ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு வீடு பார்த்தோம். இரண்டு அறை, சின்னச் சமையலறை, வாசலில் வண்டி நிறுத்த இடம். குடிவரப்போவது எத்தனை பேர் என்று வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "ரெண்டு பேருங்க" என்றார் அவர், வழக்கமான நிதானம் இல்லாமல்.

நான் சமையலறைக்குள் போய், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தேன். நன்றாகவே வருகிறது.