கிராதிக்குப் பின்னால் பாடியவள்

அக்கா,

உன்னை மடத்துச் சேமக்காலையில் அடக்கம் பண்ணி நாலு நாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல மடத்துக் கோயிலுக்குப் பூசைக்கு வந்திருந்தேன். நற்கருணை நேரத்தில், கிராதிக்குப் பின்னால் தொங்கும் கறுப்புத் திரைக்கு அப்பாலிருந்து உன் குரல் பாடியது. அதே பாட்டு, அதே குரல். முழங்காலில் நின்றபடியே முன் வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆத்துமம் தன் நேசரைத் தேடி அழைக்கிற பாட்டு அது. வீட்டு முற்றத்தில் கருவாடு காயவைக்கும்போதும் நீ அதைத்தான் பாடுவாய். அவர் எப்போது வருவார் என்று கேட்கிற இடம் வந்தால் உன் கை தானாக நின்றுவிடும். காகம் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனாலும் உனக்குத் தெரியாது. அம்மாவிடம் ஏச்சு வாங்குவது நான்.

கலியாணம் பேசி வந்தபோது, "எனக்கு ஒருத்தரிலை மனம் போயிட்டுது," என்றாய்.

"ஆரடி அவன்? எந்த ஊர்?" என்று அம்மா கேட்டார்.

நீ கோயில் பக்கம் கையைக் காட்டினாய். கோயில் மணி அடிக்கிறவரின் மகனாக்கும் என்று நினைத்து அம்மா அழத் தொடங்கினார். விளங்கிய பிறகு இன்னும் கூட அழுதார்.

நாட்டில் சண்டை தொடங்கிய வருஷம் நீ மடத்துக்குப் போனாய். உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம். உன்னைக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றுதான். பெற்றோல் இல்லாமல் பஸ் நின்றபோதும் ஐந்து கட்டைத் தூரம் நடந்து வந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை, உயிர்த்த ஞாயிறு கழிந்ததும், கிராதிக்கு இப்பால் நின்று உன்னைப் பார்க்க விடுவார்கள்.

"நீ பாடினதைக் கேட்டனான் அக்கா. முந்தியிலும் பார்க்க நல்லாயிருக்கு."

"ஓமடி. நீ வந்து நிக்கிறது எனக்குத் தெரியும்," என்று வெறும் காற்றாகச் சொன்னாய். மடத்துச் சட்டமாக்கும் என்று நானும் என் குரலைத் தாழ்த்தினேன்.

நேற்றுப் பூசை முடிந்ததும் மடத்துப் பெரிய தாயாரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அது கரவெட்டியிலை இருந்து வந்த எங்கடை பிள்ளையெல்லோ பாடுறது," என்றார். "உங்கடை அக்காவுக்கு, வந்த முதல் மாரியிலையே தொண்டை வருத்தத்திலை குரல் போயிட்டுது, பிள்ளை. அண்டையிலை இருந்து இவள்தான் பாடுறாள். அதுக்குப் பிறகும் அவ பாட்டு வரிசையை விடேல்லை. நிண்டு வாயை அசைப்பா. 'கேக்கிறவருக்குக் கேக்கும் தாயே' எண்டு சொல்லுவா."

அந்தப் பிள்ளையைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாவம், அவள் என்ன செய்தாள்? ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

உன்னில் எனக்குக் கோபம், அக்கா. அவருக்குக் கேட்டது, சரி. உனக்கு அது போதும். இப்பால் நானும் ஒருத்தி காத்துக்கொண்டு நின்றேனே! "அது நானில்லையடி" என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் வராமல் விட்டுவிடுவேன் என்று பயந்தாயா? குரல் இல்லாத அக்காவைத் தேடியும் நான் நடந்து வந்திருப்பேன்.

இன்று காலையிலிருந்து உன் குரலை நினைத்துப் பார்க்கிறேன். வரவில்லை. வீட்டில் நீ பாடிய நாட்களை நினைத்தாலும், உன் வாயிலிருந்து வருவது அந்தக் கரவெட்டிப் பிள்ளையின் குரல்தான். இத்தனை வருஷமும் அவளைக் கேட்டுக் கேட்டு நானே உன்னை அழித்துவிட்டேன். பாடத் தொடங்குமுன் நீ சின்னதாக ஒரு மூச்சு இழுப்பாய். அது மட்டும் உன்னுடையதாக என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அந்த மூச்சு கேட்கிறது. நான் காத்திருக்கிறேன். பிறகு அவள் பாடுகிறாள்.