திரும்பி வந்த தொண்ணூற்றிரண்டு மெயில்கள்

சாவக்காடு
4 ஆகஸ்ட் 2008

என் மகள் ஷிஃபானாவுக்கு,

உம்மாவின் ஸலாம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, மழைக்குத்தான் வெறி பிடித்திருக்கிறது. தோஹாவில் வாப்பாவும் சுகம், நோன்பு பிறப்பதற்கு முன் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறார். நீ சுகமா என்பதை மட்டும் வெள்ளிக்கிழமை போனில் சொல்வது போலச் சொல்லாமல் உள்ளபடி எழுது.

போன் கார்டு தீர்வதற்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நம் உதயம் வாசகசாலையின் மின்னஞ்சல் குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இருநூற்று நாற்பது பேர், பாதிக்கு மேல் வளைகுடாவில். நம் ஊர்க்காரர்களின் பெருமை உனக்குத் தெரியாததா, வேலை கிடைத்ததும் கல்யாண வீட்டில் விசிட்டிங் கார்டை நீட்டுவது போல வாசகசாலைக்கும் கம்பெனி முகவரியைத்தான் கொடுப்பார்கள். கம்பெனி கைமாறினால், ஆளை வெளியே அனுப்பினால், அந்த முகவரி அன்றே செத்துப்போகும். மூன்று தடவை மெயில் திரும்பி வந்தால் கணினி தானாகவே அந்தப் பெயருக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு தொண்ணூறு நாளில் உறுப்பினர் புதிய முகவரியிலிருந்து தானே எழுதாவிட்டால் உறுப்பினர் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். இந்த விதியை நாலு வருஷத்துக்கு முன் எழுதியவள் நான்தான் மகளே. சுத்தமாக இருக்கட்டும் என்று எழுதினேன். பெருக்கித் தள்ளப்படுவது ஆட்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அப்படித் திரும்பி வந்தவை தொண்ணூற்றிரண்டு. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அந்தப் பெயர்களை வெட்டச் சொல்லி செயலாளர் அசோகன் உத்தரவு போட்டிருக்கிறார். வாசகசாலையின் நிலத்தைக் கல்யாண மண்டபம் கட்டக் கொடுக்கவேண்டுமாம். அதற்கு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சம்மதம் வேண்டும். அவர் கையில் எண்பத்தெட்டு கையெழுத்து இருக்கிறது. இருநூற்று நாற்பதில் அது ஒன்றுமில்லை, தொண்ணூற்றிரண்டை வெட்டிவிட்டால் தாராளமாகப் போதும். கமிட்டியில் நான் எழுந்து, மெயில் போகவில்லை என்றால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டேன். டீச்சரே, கதவைத் தட்டினோம், திறக்கல, அப்புறம் அந்த வீட்ல யாரும் இல்லேன்னுதானே அர்த்தம் என்றார். வீடு மாறிப் போனவன் செத்துட்டான்னு ஃபாத்திஹா ஓதுவீங்களா அசோகேட்டா என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் கிளம்பும்போது, கடவுச்சொல் உங்க கையிலதானே இருக்கு, நீங்களே எல்லாரையும் திரும்பப் போட்டுக்கோங்க, யாரு பாக்கப்போறா என்று குத்திவிட்டுப் போனார். செய்யலாம்தான். ஒரே ஒரு பெயரை அப்படிச் சேர்த்தாலும் அவர் சொல்வது உண்மையாகிவிடும். அதனால் ஸ்கூட்டரை எடுத்தேன். மழைக்கோட்டோடு மூன்று வாரமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற பீபாத்து, மூணு வருஷமா அந்த மனுஷனே வீடு வந்து சேரல, உன் மெயில் போய்ச் சேரலேன்னு அழுவுறியே டீச்சரே என்று சிரித்துக்கொண்டே புருஷனின் நம்பர் கொடுத்தாள். ஆனால் பட்டியலில் இருந்த இன்னொருவன், ரஸாக், அவன் வீட்டில் அப்படியில்லை. அவன் வேலை மார்ச்சிலேயே போய்விட்டது, கம்பெனி அனுப்பிய பதிலிலேயே அது இருந்தது. அவன் மனைவியோ, அதே ஆபீஸ்தான், இப்ப மேனேஜராக்கூட ஆக்கியிருக்காங்க என்று எனக்குச் சாயா ஊற்றினாள். முகவரியில் ஒரு எழுத்தை நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று பொய் சொல்லி நம்பர் வாங்கி வந்தேன். அன்று ராத்திரியே அவனைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில், வீட்ல சொல்லிட்டீங்களா ரம்லா இத்தா என்றுதான் கேட்டான். இப்போது டாக்சி ஓட்டுகிறானாம். மறுநாள் சொந்த முகவரியிலிருந்து எழுதிச் சேர்ந்துவிட்டான்.

இப்படி இருபத்தேழு பேர் வந்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் வந்தால், மெயில் திரும்பாத நூற்று நாற்பத்தெட்டு பேரோடு சேர்த்து நூற்று எழுபத்தாறு, அசோகனின் எண்பத்தெட்டு அதில் சரிபாதிதான், பாதிக்கு மேல் இல்லை.

ஷிஃபா, அந்தத் தொண்ணூற்றிரண்டில் ஒன்று உன்னுடையது. லீட்ஸில் நீ வேலைக்குச் சேர்ந்ததும் நம் வழக்கப்படி ஆபீஸ் முகவரியைத்தான் கொடுத்தாய். மே மாதத்திலேயே மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. நாலு வெள்ளிக்கிழமை வேறு முகவரி கேட்டேன், அப்புறம் தர்றேன் உம்மா, இப்ப வேலை அதிகம் என்றாய். நானும் சரி என்றேன். வேலை போய்விட்டதா என்று ரஸாக்கிடம் கேட்க வந்த வாய் உன்னிடம் வரவில்லை, அதற்கு நான்தான் வெட்கப்படவேண்டும். வேலை போயிருந்தால் போகட்டும். ஊரில் யாராவது கேட்டால் நான் தலை நிமிர்ந்தே சொல்வேன். உன்னை மடியில் போட்டுக்கொண்டு அந்த வாசகசாலை பெஞ்சில் உட்கார்ந்து பி.ஏ. படித்தபோது ஊர் பேசாத பேச்சா. வாப்பாவிடம் நீயே சொல், நான் முந்திக்கொள்ளமாட்டேன். திரும்பி வரவேண்டுமென்றால் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. அங்கேயே நின்று வேறு வேலை தேடுவதென்றாலும் நில்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் நாளை ஓட்டாதே. படைத்தவன் உன்னைக் கைவிடமாட்டான், என் துஆ எப்போதும் உண்டு. முப்பத்தொன்றாம் தேதிக்குள் உன் சொந்த முகவரியிலிருந்து குழுவுக்கு எழுது, உறுதிசெய்யச் சொல்லி ஒரு மெயில் வரும், அதற்கும் பதில் போடு. சேர்ந்த பிறகு மண்டபம் வேண்டுமென்று நீயே கையெழுத்துப் போட்டாலும் போடு, நான் தோற்றுப்போகிறேன், அது உன் உரிமை. இல்லாத ஆள் என்று உன் பெயரை வெட்ட மட்டும் நான் விடமாட்டேன்.

உன் உம்மா,
ரம்லா