அயர்லாந்துக் கதவில் 'நாளே பா'

மே 6, செவ்வாய்

மழை. காற்று. அயர்லாந்தில் நான்காம் நாள். ராத்திரி ஒன்பதரைக்கும் வெளியே வெளிச்சம். போர்வைக்குள் டார்ச். லைட் போடக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

இந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு நைட் டியூட்டி. ஊர்க்கோடியில் முதியோர் இல்லம், பத்து நிமிட நடை. பிள்ளையைத் தனியாக விட்டது தெரிந்தால் வேலை போய்விடுமாம். ஊரில் இருக்கிற அப்பாவிடம்கூடச் சொல்லக் கூடாது. மூன்று வருஷம் கழித்துப் பார்க்க வந்திருக்கிறேன், லீவு கொடுக்கவில்லை.

இன்று பார்த்தவை: கடல் (சாம்பல் நிறம், ஒருவரும் குளிக்கவில்லை). கோல்ஃப் மைதானம், கடல் வரைக்கும் புல். மலை, பாதி மேகத்துக்குள். அதைப் படம் எடுக்க இரண்டு பஸ் நிறைய ஆட்கள். வாசலில் ஒரு கோல்ஃப் பந்து, எடுத்து வைத்துக்கொண்டேன். கடைக்காரத் தாத்தா எந்த ஊர் என்றார். பெங்களூரு என்றதும், தன் வீட்டு இன்டர்நெட் சரியில்லை என்று என்னிடம் புகார்.

மே 7, புதன்

தூக்கம் இல்லை. பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டு. ஜூனில்தான் ஆட்கள் வருவார்களாம். மைதானத்துக் கொடிகள் காற்றில் படபட. கொடிதான். தெரியும்.

பெங்களூரில், ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் பாதிக் கதவுகளில் 'நாளே பா' எழுதியிருக்கும். கன்னடம். நாளைக்கு வா என்று அர்த்தம். எதிர்வீட்டு செல்வி அக்கா சொன்னது: ராத்திரி ஒரு பேய் வந்து நம் வீட்டு ஆளின் குரலிலேயே கூப்பிடும். திறந்தால் போச்சு. எழுதியிருந்தால் படித்துவிட்டு, நாளைக்கு வரலாம் என்று போய்விடும். தினமும் அப்படியே.

ஜியோமெட்ரி பாக்ஸில் சாக்பீஸ் இருந்தது. அம்மா போனதும் சிவப்புக் கதவில் எழுதினேன். இங்கே இருக்கிற பேய்க்குக் கன்னடம் தெரியுமா? கீழே இங்கிலீஷிலும்.

மே 8, வியாழன்

மழை எழுத்தை அழித்துவிட்டது. உள்பக்கம் எழுதினால் அது எப்படிப் படிக்கும்?

பத்து மணிக்கு அம்மா போன். சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். குரல் நடுங்கியது.

வந்தது. மணி 1.10. மூன்று தட்டு.

"பாப்பா, கதவத் தொற. நான்தான்."

அம்மா மாதிரி. அம்மா இல்லை. அம்மாவிடம்தான் சாவி இருக்கிறதே. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நாளே பா, நாளே பா, நாளே பா என்றேன். வெளியே சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, சரளைக்கல்லில் நடந்து போகிற சத்தம்.

மே 9, வெள்ளி

எட்டரைக்கு அம்மா வந்தாள். கோட், ஷூ எல்லாம் ஈரம். நான் போனில் பயந்த மாதிரி பேசினேன் என்று இடைவேளையில் மழையில் ஓடி வந்திருக்கிறாள். சாவி போட்டும் திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் நான் போட்டது.

திட்டவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"என் கொரலே மறந்துபோச்சாடி ஒனக்கு?"

இல்லை என்றேன். பொய். போனில் வருவதுதான் எனக்கு அம்மா குரல்.

டோஸ்ட் போட்டுக் கொடுத்தாள்.

மே 24, சனி. ஸ்ரீராம்புரம்

புழுக்கம். இடி. கரன்ட் இல்லை. ஊர் திரும்பி ஒரு வாரம். ஏர்போர்ட்டில் அம்மா, அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்றாள். மூன்று வருஷமாகச் சொல்வதுதான்.

நேற்று ராத்திரி எங்கள் கதவில் மூன்று தட்டு. பாப்பா, கதவத் தொற, நான்தான். போன் கரகரப்பு இல்லாத குரல். அன்று கேட்ட அதே குரல். அப்பா பக்கத்தில் குறட்டை.

காலையில் போன் செய்தேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள். ஏன் கேட்கிறாய் என்றாள். சும்மா என்றேன்.

மே 25, ஞாயிறு

1.10. தட்டிவிட்டுப் போய்விட்டது. கதவில் எழுதியிருப்பதைப் படித்திருக்கும்.

மே 26, திங்கள்

அப்பா தூங்கிவிட்டார். ஈரத்துணியால் கதவைத் துடைத்தேன். பழைய எழுத்து, லேசில் போகவில்லை. இப்போது ஒன்றும் இல்லை. தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டேன். மணி 1.05.