புலாவ் பாயோங்குக்குப் போன காடாத் துணி

மெர்சிங்
18 ஜனவரி 1944

அன்புத் தங்கை நாகம்மைக்கு,

கமலாம்பிகை எழுதுவது. ஆஸ்பத்திரித் தாள்களில் ஜப்பானியர் கணக்குப்படி 2604 என்றுதான் போடவேண்டும். உனக்கு நம் பழைய ஆண்டையே போடுகிறேன். லாரிக்கார மணியம் கையில் தந்தனுப்புவதால் தணிக்கைக்காரர் கண்ணில் படாது.

நீ எழுதி வெகு நாளாயிற்று. போன வருடம் உன் கடைத் துணியை ஜப்பானிய அரசாங்கம் அள்ளிக்கொண்டு போய், கேள்வி கேட்ட சிப்பந்தி ராமுவைச் சில நாள் அடைத்து வைத்தபோது, "நீங்களும் அவர்களிடம் சம்பளம் வாங்குகிற நர்ஸ்தானே அக்கா" என்று எழுதினாய். உண்மைதானே. அதற்குப் பிறகு நானும் எழுதவில்லை.

இப்போது கேட்கவேண்டிய நிலை வந்துவிட்டது. பொங்கலுக்கு முன் அடித்த புயல் புலாவ் பாயோங் தீவைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு மீனவர்கள் தென்னங்கட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே கரையேறினார்கள். அங்கே வீடுகள் இல்லை, படகுகள் இல்லை, கிணறுகளில் உப்புத் தண்ணீர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல்.

ஜப்பானிய அதிகாரி கடைக்காரர்களைக் கூப்பிட்டார். "அரசாங்கத்திடம் எண்ணெயும் இல்லை, அரிசியும் இல்லை. பொருளும் படகும் நீங்கள் கொடுங்கள். அனுமதியும் மருந்தும் நான் தருகிறேன்" என்றார். சீன முதலாளி தவுக்கே லிம் தன் இரண்டு தொங்காங் சரக்குப் படகுகளையும் காய்ந்த மரவள்ளியையும் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் கருவாடு, கொஞ்சம் அரிசி. ஆனால் படகுப் பாய்கள் இற்றுப்போய்விட்டன. இந்தப் பருவக் காற்றுக்குக் கெட்டித் துணி வேண்டும்.

உன் பரணில் இருப்பதை நான் எவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் கேட்கிறேன். இல்லை என்றாலும், கூடப் பிறக்காவிட்டாலும், நீ என் தங்கைதான்.

அன்புடன்,
அக்கா கமலாம்பிகை


தங்காக்
சுபானு வருடம், தை 9

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நாகம்மை வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சியும் வந்தது, கோபமும் வந்தது.

பரணில் இருக்கும் காடாத் துணி எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். சண்டைக்கு முன் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போன எங்கள் வீட்டுச் செட்டியார் திரும்ப முடியாமல் காரைக்குடியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் வந்து மறுபடி வியாபாரம் தொடங்க மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அது இருப்பது தெரிந்தால் இந்த முறை அடைபடப் போவது ராமு அல்ல, நான்.

முடியாது என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். கிணற்றில் உப்புத் தண்ணீர் என்று எழுதினீர்களே, அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கடைக்காரி. பயந்து கொடுக்கமாட்டேன், பேசிக் கொடுப்பேன். துணி எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கக்கூடாது. நானே லாரியில் கொண்டுவருவேன், என் கண்முன் வெட்டித் தைக்கவேண்டும். தீவைச் சேர்ந்ததும் அந்தத் துணி தீவு மக்களுக்குச் சொந்தம், அலுவலகத்துக்கு ஒரு முழம்கூடக் கிடையாது. இதற்கு அதிகாரி முத்திரை வைத்தால் வருகிறேன்.

இப்படிக்கு,
நாகம்மை


மெர்சிங்
27 ஜனவரி 1944

என் கெட்டிக்காரத் தங்கைக்கு,

முத்திரை விழுந்துவிட்டது!

உன் நிபந்தனைகளை மட்டும் வேறு தாளில் எழுதி, அதிகாரியின் தலைமைக் குமாஸ்தா ஏரம்பமூர்த்தி ஐயாவிடம் கொடுத்தேன். என்னைப் போல் யாழ்ப்பாணத்தார், ஆனால் பயந்த சுபாவம். "பிள்ளை, இதை இப்பிடியே வாசிச்சா என்ர தலை போயிடும்" என்றார்.

"ஒரு சொல்லும் குறைக்காதேங்கோ ஐயா" என்றேன்.

அவர் மலாயில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் சொன்னார். அதிகாரி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அவன் இதற்கு முன் அரசாங்கத்தோடு வியாபாரம் செய்தவனா?" என்று கேட்டார். "அவன் இல்லை துவான், ஒரு பெண்" என்றார் ஐயா. அதிகாரி சிரித்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

படகோடு நானும் போகிறேன். டாக்டருக்கு வயதாகிவிட்டது, வேறு ஆள் இல்லை. திட்டாதே. சீக்கிரம் வா.

அக்கா


தங்காக்
மாசி 4

அக்கா,

இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. நீங்கள் தீவிலிருந்து திரும்பும்வரை ஏரம்பமூர்த்தி ஐயா வைத்திருக்கட்டும்.

மெர்சிங் கரையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "போகாதீங்க அக்கா" என்று எல்லார் முன்னும் கத்தினேன். தவுக்கே லிம் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். "ஜாஹித்தான் பாகுஸ்" என்று சொல்லித் தேற்றினார், தையல் நன்றாக இருக்கிறதாம்! நான் பயந்தது தையலுக்கா?

பாய் காற்றில் நிமிர்ந்தபோது மட்டும் அழுகை நின்றது. பரணில் இருட்டில் கிடந்த துணி, அக்கா. அத்தனை வெளுப்பாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டு நாளாகச் செய்தி இல்லை. மணியத்தின் லாரிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். கோபத்தில் முன்பு எழுதியதை மறந்துவிடுங்கள். திரும்பி வாருங்கள், அது போதும்.

நாகம்மை


மெர்சிங்
29 மார்ச் 1944

என் நாகம்மைக்கு,

வந்துவிட்டேன். உடம்பு இளைத்திருக்கிறது, உயிர் கெட்டியாக இருக்கிறது.

போகும்போது கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு படகின் பாய்மரம் முறிந்தது, ஆனால் உன் பாய் ஒரு நூல் பிரியவில்லை. அந்தப் படகையும் கயிற்றில் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். முதல் வாரத்தில் மூன்று பிள்ளைகளை இழந்தேன். அதற்குப் பிறகு ஒன்றையும் விடவில்லை. காய்ச்சல் அடங்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

பெண்கள் கிழிந்த சாக்கை உடுத்தியிருந்தார்கள். மருந்து வாங்கக்கூட வெளியே வரக் கூசினார்கள். உன் நிபந்தனைப்படி பாய்களை இறக்கி அவர்களிடமே கொடுத்துவிட்டேன். மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து சாரோங் தைத்துக்கொண்டார்கள். "அப்படியானால் நீங்கள் எப்படித் திரும்புவது?" என்று அந்த மீனவக் கிராமத்தின் கம்பத்துத் தலைவர் கேட்டார். பதில் சொன்னது பெண்கள்தான். புயலில் சாயாத தாழைகளின் ஓலையை வெட்டி, கூட்டமாக உட்கார்ந்து எங்களுக்குப் பாய் முடைந்தார்கள். பருவம் முடிந்து காற்று இளகியிருந்ததால் அதுவே போதுமாக இருந்தது.

இங்கே துறையில் வேறு கதை. முத்திரை வைத்த அதிகாரி மாற்றலாகிவிட்டார். புதியவர் ஆட்களோடு நின்றார். அரசாங்கம் அனுப்பிய பயணமாம், அதனால் துணியும் அரசாங்கத்துடையதாம். ஏரம்பமூர்த்தி ஐயா பயத்தை விட்டு, முத்திரைத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். புதியவர் பார்க்கவில்லை. படகில் ஏறித் தேடினார். தாழைப்பாய்தான் இருந்தது.

"துணி எங்கே?"

"பெண்டுகள் உடுத்தியிருக்கினம் துவான்" என்றேன் நான்.

என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. நான் கன்னத்தைத் தொடவில்லை. தவுக்கே லிம்மின் ஆட்கள், மலாய்ப் படகோட்டிகள், ஐயா, எல்லாரும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். புதியவர் தன் ஆட்களோடு போய்விட்டார்.

உன் பரணுக்கு ஆள் வரலாம். கவனமாக இரு.

கம்பத்துத் தலைவர் உன் பெயரைக் கேட்டார், சொன்னேன். தீவில் இப்போது எல்லார் வாயிலும் "நாகாமா".

உன் அக்கா,
கமலாம்பிகை


தங்காக்
பங்குனி 24

அன்புள்ள அக்கா,

ஆட்கள் நேற்று வந்தார்கள். ஏணியை நானே எடுத்துக் கொடுத்தேன். பரணில் எலிப்புழுக்கைதான் இருந்தது. பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், எழுதட்டும்.

உங்கள் கன்னத்தை நினைத்து இரவெல்லாம் அழுதேன். காலையில் எழுந்ததும் அழுகை வரவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, மூடியே கிடந்த கடையைத் திறக்கச் சொன்னேன். "அலமாரி காலியா இருக்குங்களே ஆச்சி, என்னத்த விக்கிறது?" என்றான் ராமு. "தொறடா" என்றேன்.

எதிர்க்கடை வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன நாகம்மை, சரக்கு வந்திருக்கா?"

"இல்லீங்க. போய்ச் சேந்திருக்கு" என்றேன்.

உங்கள் தங்கை,
நாகம்மை