மூடிய பிராக்கெட்டுக்குப் பின்னால்

செவ்வாய்க்கிழமை

இன்று மானம் தப்பியது. ஆபீஸின் பழைய சி புரோகிராமில் ‘பேக்கெட்’ என்றொரு டைப், அதாவது தரவு வகை, காணும் இடமெல்லாம் வருகிறது. அதை எங்கே வரையறுத்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. வரையறை வழக்கமாகத் தொடங்குகிறபடி ‘ஸ்ட்ரக்ட் பேக்கெட்’ என்று காலையிலிருந்து தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. இதே புரோகிராமில் வேலை செய்யும் புனே கிளை ஆட்கள் அந்த ஃபைலையே அழித்துவிட்டார்கள் என்று நானே தீர்ப்பு எழுதி, பெரிய மேலாளருக்கும் நகல் போட்டு, காரசாரமாக ஒரு மெயில் தயாரித்தேன். அனுப்புமுன் அதன் அழகை யாராவது ரசிக்க வேண்டாமா? கல்கத்தா பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்து, மணி அண்ணா என்பதை வங்காளிகள் போல ‘மணிதா’ என்றே சொல்லும் ஆபீஸ் தமிழ்ப்பெண் வித்யாவைக் கூப்பிட்டேன்.

மெயிலைப் படித்துவிட்டு, "அரே பாபா, மணிதா! டைப்டெஃப் போட்டு வகைக்குப் பேரு வச்சா, பேரு முன்னாடியா வரும்? கடைசில, மூடற பிராக்கெட்டுக்கு அப்புறம் வரும். பிராக்கெட்டையும் சேர்த்துத் தேடுங்க" என்றாள்.

தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது, அதுவும் எங்கள் ஃபோல்டரிலேயே. புனேக்காரர்கள் பாவம், நிரபராதிகள்.

மெயிலை அழித்தபோதுதான் மூச்சே வந்தது. இருபது வருடமாக சி எழுதுகிறேனாம்!

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன், மணிதா" என்றாள் வித்யா. சொல்லத்தான் போகிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், லிஃப்ட் கீழே இறங்குவதற்குள் சொல்லி முடித்திருப்பேன். சொல்லிவிட்டுப் போகட்டும், மெயில்தான் போகவில்லையே.