கரெக்‌ஷனா, கனெக்‌ஷனா?

சரவணம்பட்டி
12-7-55

சிரஞ்சீவி சென்னகேசவனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே எருமை, நான், உன் நாயனா எல்லோரும் சுகம், சுகத்தில் வரிசையும் அதேதான். பம்பாய் மழையில் நனையாமல் ஆபீஸ் போகிறாயா என்று எழுது.

போன வாரம் நீ ஜின்னிங் பேக்டரிக்கு டிரங்கால் போட்டுச் சொன்னது இங்கே பட்ட பாட்டைக் கேள். என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த மில் ஷேர் விலை இறங்க இறங்க, உன் நாயனாவுக்குச் சோறு இறங்கவில்லை. வந்த விலைக்கு விற்றுத் தள்ளிவிடலாம் என்று ஒரே பிடியாக நின்றார். கொரியா சண்டை ஓய்ந்தபோதும் ஷேர் விழுந்தது, ஆனால் அப்போது நூல் மூட்டை கொடோனில் தேங்கி, ராத்திரி ஷிப்டையே நிறுத்தினார்கள், விழுந்த விலை எழுந்திருக்கவே இல்லை, இப்போதோ ராத்திரி ஷிப்டுக்கு மில் சங்கு ஊதி என் தூக்கத்தைக் கெடுக்கிறதே, மில் ஓடும்போது விலை சும்மா இளைப்பாறுகிறது என்றேன். உனக்கு என்னத்தத் தெரியும் அம்மணி, பையன் சொல்லட்டும் என்றார்.

பையன் சொன்னாய். "இது கரெக்‌ஷன்தான், பேர் இல்லை" என்று கத்தினாயாம். அந்தக் கரகரப்பில் அவர் காதில் விழுந்தது, "கனெக்‌ஷன்தான், பேர் இல்லை." கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கனெக்‌ஷன் கேட்டு எழுதிப்போட்டுக் காத்திருக்கிற மனுஷனுக்கு வேறென்ன விழும். லிஸ்டில் தன் பேர் இல்லை என்று பையன் பம்பாயிலிருந்தே கண்டுபிடித்துவிட்டான் என்று, ஷேரை மறந்து, தினமும் கரண்டு ஆபீசில் போய் ஏனுங்க, எம்பட பேரு எங்கீங்க போச்சு என்று நின்றார். கடைசியில் அங்கிருந்தவர், பேரு இருக்குதுங்க, நீங்கதான் இனிஷியல உட்டுப்போட்டீங்க, ஒரு கரெக்‌ஷன் பண்ணுனாப் போதுமுங்க என்றாராம். அப்போதுதான் நீ சொன்ன வார்த்தை அவருக்கு உறைத்தது. ஜின்னிங் பேக்டரி கோவிந்தராஜுலுவிடம் ஓடிக் கேட்டதில், ஷேர்க்காரர் பாஷையில் கரெக்‌ஷன் என்றால் ஏறின விலை கொஞ்சம் இறங்கி இளைப்பாறுவது, பேர் என்றால் கரடி, விலை விழுந்து வருஷக்கணக்கில் எழாத காலம் என்று அவர் விளக்கினார். இதைத்தானே நான் சங்கைக் காட்டிச் சொன்னேன்.

இதற்குள் விழுந்த விலையில் முக்கால்வாசி ஏறிவிட்டது, என் சீதனம் தப்பியது என்று அவிநாசியப்பருக்குத் தேங்காய் உடைத்தேன். உடைத்த தேங்காயைச் சட்னி அரைப்பதற்குள் உன் நாயனா வந்து, கனெக்‌ஷன் வந்துரும், விலையும் ஏறிப்போச்சு, ஷேர வித்து மோட்டார் வாங்கலாமா என்கிறார்.

ஆகையால் கண்ணு, உடனே இன்னொரு டிரங்கால் போடு. என்ன வேண்டுமானாலும் சொல், அவருக்குப் புரியாதபடி சொல். தீர்க்காயுசாக இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

கரடிக்குத் தப்பி உன் நாயனாவிடம் மாட்டியிருக்கும்
அம்மா பங்காரம்மா